அம்மா பெயர் சொல்லாத பறவை

முதலில் வந்தது காற்று. உச்சந்தலைக்கு மேலே யாரோ ஓலை விசிறியை ஓங்கி ஒருமுறை வீசியது போல ஒரு காற்று வந்தது. அது என்னவென்று நிமிர்ந்து பார்ப்பதற்குள் தலையில் நெருப்புக் கோடு இழுத்தது போல எரிந்து, கையில் வாலைப் பிடித்துத் தூக்கி மணல் உதறிக்கொண்டிருந்த சூடை மீன் நழுவி விழுந்து, கண்ணுக்குள் ஏதோ சூடாக இறங்கி வாய்க்குள் வந்து உப்புக் கரித்தபோதுதான் அது என்னுடைய இரத்தம் என்று எனக்கு விளங்கியது. மீனுக்குக் குறி வைத்த பறவை மீனைத் தவறவிட்டு என் தலையைப் பிடித்துவிட்டு, பிறகு ஆறுதலாக மணலில் இறங்கி அந்த மீனையும் எடுத்துக்கொண்டு போயிற்று.

இன்றைக்கும் தலை வாரும்போது அந்த இடத்தில் சீப்பு ஒரு கணம் தடக்கும். அங்கே மயிர் முளைக்கவில்லை. எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். வெள்ளைக்காரன் தன் கப்பல்களைக் கட்டிக்கொண்டு திருகோணமலைத் துறைமுகத்தை விட்டுப் போய்விட்டிருந்தான். அவனை நம்பிப் பிழைத்தவர்கள் பாதிப் பேர் கரையில் வந்து வலைக்கயிறு பிடித்துக்கொண்டிருந்தார்கள். சல்லிக் கிராமத்துக்கு அப்பால், கடலுக்கும் தாழங்காட்டுக்கும் இடையில், எங்கள் கருவாட்டு வாடி இருந்தது. வாடி என்றால் நாலு கம்பும் மேலே தென்னங்கிடுகும், முன்னால் பாய் பாயாக வெயிலில் விரித்த மீனும்தான். அம்மா மீனைக் கீறி உப்பிடுவாள், நான் விரித்துக் காவல் இருப்பேன். காவல் என்பது காகத்துக்கும் நாய்க்கும் அல்ல, அவற்றைச் சத்தம் போட்டே துரத்திவிடலாம். காவல் எல்லாம் மேலே வட்டமிடுகிற அதற்குத்தான்.

அதற்கு எங்கள் கரையில் ஒரு பெயர் போதவில்லை. பொதுவாக எல்லோரும் சொன்னது ‘பிராந்து’. அதைப் பள்ளிக்கூடக் கொப்பியில் எழுதிக்கொண்டு போனபோது வாத்தியார் அடிமட்டத்தால் என் விரல் மொளியில் ஒன்று போட்டு, ‘பருந்து’ என்று எழுது, பரந்து பறப்பதால் அந்தப் பெயர், உங்கள் கடற்கரைக் கொச்சையை இங்கே கொண்டு வராதே என்றார். எங்கள் வாடிக்கு மேலே அது பரந்து பறந்ததைவிடப் பாய்ந்து பறித்ததுதான் அதிகம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, மொளி வீங்கியிருந்தது. அந்தப் பறவையின் பெயருக்காக ஒருவர் அடி வாங்குவதை நான் கண்டது அதுதான் முதல் தடவை.

பருவம் பிடிக்க மேற்குக் கரையிலிருந்து குடும்பத்தோடு வந்து வாடி போடும் சிங்கள மீனவர்கள் அதை ‘உகுஸ்ஸா’ என்றார்கள். பையன்கள் ஈர்க்கும் கடதாசியும் ஒட்டிச் சிறகு வைத்து ஏற்றிய பட்டத்துக்கும் ‘பிராந்து’ என்றுதான் பெயர். கோழியும் பிராந்தும் விளையாட்டில் பிராந்தாக வந்தவன் குஞ்சைப் பிடிக்கத் தவறினால் முதுகில் எல்லோரும் சேர்ந்து குத்துவார்கள், நானும் நன்றாகக் குத்தியிருக்கிறேன். துறைமுக வாசலில் தேநீர்க்கடை வைத்திருந்த மலையாளத்தார் எங்கள் வாயில் இந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் சிரிப்பார். அவருடைய பாஷையில் பிராந்து என்றால் விசர், பைத்தியம். “தலைக்கு மேலே பிராந்து சுத்துது எண்டு நீங்களே சொல்லுறீங்கள், வைத்தியரைப் பாருங்கோ” என்பார். வெள்ளைக்காரக் கப்பற்காரர்களும் அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். டொக்யார்ட்டில் வேலை செய்த என் சின்னமாமா, அம்மாவின் ஒரே தம்பி, அதைப் படித்துக்கொண்டு வந்து வீட்டில் பெருமையாகச் சொன்னார். அதற்கு என்ன கருத்தென்று அம்மா கேட்க, அவரும் கூச்சமில்லாமல் விளக்கினார். அம்மா அகப்பையால் அவருடைய தோளில் ஒன்று வைத்தாள். கருத்து என்னவென்று நான் இங்கே எழுதப் போவதில்லை, பறவையின் எச்சத்தோடு சம்பந்தப்பட்டது என்பதோடு விட்டுவிடுகிறேன்.

ஆனால் எங்களுக்கு உலை வைத்தவை இந்தப் பெயர்கள் அல்ல. எங்கள் கரையார் அந்தப் பறவையை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார்கள். தலையும் நெஞ்சும் வெள்ளையாகவும் சிறகு செம்மண் நிறமாகவும் இருந்தால் அது ‘கருடன்’. உடம்பு முழுக்கத் தவிட்டு நிறமாக இருந்தால் அது ‘கள்ளப்பிராந்து’. கருடன் அம்மன் கோயிலுக்கு மேலே வட்டமிட்டால் நல்ல சகுனம். கள்ளப்பிராந்து வாடிக்கு மேலே வட்டமிட்டால் கல் எடுக்க வேண்டும். அம்மா இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யக்கூடியவள். வலக்கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டே இடக்கையால் காலடியில் கல் தேடுவதை நான் எத்தனையோ தரம் கண்டிருக்கிறேன்.

கருவாடு காயப்போடும் பெண்களுக்கு ஒரு விஷயம் தெரியும். தாழங்காட்டுக்குப் பின்னால் இருந்த பெரிய புளியமரத்தில் கருடன் கூடு வைத்தது. அந்தக் கூட்டில் இருந்து வெளியே வந்தவை தவிட்டு நிறக் குஞ்சுகள். தாயும் தகப்பனும் எங்கள் பாயில் இருந்து திருடிய மீனைக் கொண்டுபோய் அந்தத் தவிட்டு வாய்களுக்குள் திணிப்பதை நாங்கள் தினமும் பார்த்தோம். அடுத்த வருடம் அந்தத் தவிட்டின் தலையில் அங்கங்கே வெள்ளை விழும், அதற்கடுத்த வருடம் அது கருடன். பிறவிக் கள்ளப்பிராந்து என்றும் ஒன்று உண்டு, அது எப்போதாவது வரும், அதற்கு வால் நுனி இரண்டாகப் பிளந்திருக்கும். கருடன் குஞ்சுக்கு வால் உருண்டை. இதையெல்லாம் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொன்னால் கல் எறிய ஏலாது. தவிட்டு நிறத்தில் எது வந்தாலும் கள்ளப்பிராந்து என்று சொல்லிக்கொள்வதில் எல்லோருக்கும் ஒரு வசதி இருந்தது, அம்மனுக்கும் அதில் ஆட்சேபனை இருந்ததாகத் தெரியவில்லை.

என் தலையைக் கிழித்தது தவிட்டு நிறம். பறக்கப் பழகி அதிக நாள் ஆகாதது, அதனால்தான் மீனுக்கும் தலைக்கும் வித்தியாசம் தெரியாமல் போனது. அம்மா ஓடி வந்து கோப்பித்தூளை அள்ளிக் காயத்தில் அப்பித் தன் சேலைத் தலைப்பைக் கிழித்துக் கட்டினாள். சின்னமாமா அப்போது வாடி நிழலில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார். டொக்யார்ட்டில் வேலை போன பிறகு அவருக்கு மிஞ்சியது என் தகப்பன், ஐயா, வேலை செய்த வலையில் ஒரு கயிற்றுப் பிடியும், அங்கிருந்து கொண்டுவந்த ஒரு பேணி நிறைய இரும்புக் குண்டுகளும்தான். யந்திரத்துக்குள் உருளுகிற, சுண்டங்காய்ப் பருமனான குண்டுகள். அவர் என்னைப் பார்த்தார், பிறகு வாடிக் கம்பத்தின் நுனியில் குந்தியிருந்து என் மீனைக் கிழித்துத் தின்றுகொண்டிருந்த அதைப் பார்த்தார். கெற்றப்போல் கவணை எடுத்துக் குண்டை வைத்து இழுத்து விட்டார்.

சிறகு முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. பறவை விழுந்தது, ஆனால் சாகவில்லை. மணலில் மல்லாந்து கிடந்து இரண்டு கால்களையும் மேலே நீட்டி, நகங்களை விரித்து, வாயைத் திறந்து மாமாவை எதிர்த்தது. அவர் கையை நீட்ட, அவருடைய பெருவிரலை எலும்பு தெரியக் கிழித்தது. அவர் சவளை எடுத்து வந்து அடித்தார். ஒரு அடியில் முடிந்திருக்கும், அவர் நிறுத்தவில்லை. வேலை போன கோபம், வெள்ளைக்காரன் மேல் இருந்த கோபம், பெருவிரல் நோவு, என் தலை எல்லாம் சேர்ந்து அந்தத் துடுப்பு ஏறி இறங்கியது. “காணும்டா தம்பி, அது செத்துப்போச்சு” என்று அம்மா சொன்ன பிறகுதான் கை ஓய்ந்தது. அதன் கண் திறந்தே இருந்தது. அவர் அடித்தது எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை நான் ஏன் மறைக்க வேண்டும்?

வாடிகளில் ஒரு வழக்கம் உண்டு. செத்த காகத்தைக் கம்பில் கட்டித் தூக்கினால் மற்றக் காகங்கள் கிட்ட வராது. அம்மா அதையே செய்தாள். பறவையின் கால்களைச் சேர்த்துக் கட்டிப் பூவரசங் கம்பின் நுனியில் தலைகீழாகத் தொங்கவிட்டாள். பின்னேரம் கரைவலையில் இருந்து ஐயா வந்தார். ஐயாதான் அந்த வலைக்கு மண்டாடி. மேட்டில் நின்று தண்ணீரின் நிறம் பார்த்து, மீன் எங்கே போகிறது, எந்தப் பக்கத்துக் கயிற்றை இறுக்குவது என்று கையால் காட்டுகிறவர். அவர் சொல்லுக்குத்தான் முப்பது நாற்பது பேர் கயிறு இழுப்பார்கள். அவர் கம்பின் கீழ் நின்று நெடுநேரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு கம்பைச் சரித்து, பறவையின் வால் இறகுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி அடுப்புக்குள் போட்டார். இறகு பொசுங்குகிற நாற்றத்தில் எனக்குத் தலை இடித்தது.

“ஆரும் கேட்டால் கள்ளப்பிராந்து. விளங்கிச்சோ?” என்றார்.

“அதைத்தானே நாங்களும் சொல்லுறம்” என்றாள் அம்மா.

முதல் சில நாட்கள் எங்களுக்குப் பாராட்டுத்தான். வானம் துடைத்தது போலக் கிடந்தது. பக்கத்து வாடிக்காரிகள் வந்து பார்த்து, தங்களுக்கும் மாமா ஒன்று அடித்துத் தருவாரா என்று கேட்டார்கள். கருவாடு வாங்கத் தோணியில் வரும் கிண்ணியா முஸ்லிம் வியாபாரி கரீம் காக்கா மட்டும் கம்பை அண்ணாந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். “எங்களுக்கு அது வெறும் பறவைதான் தங்கச்சி, அதைக் கும்புடவும் மாட்டம். ஆனா இப்பிடிக் கட்டித் தூக்கவும் மாட்டம். இறக்கிப் புதைச்சிருங்க” என்றார். அம்மா கேட்கவில்லை. வானம் வெறுமையாக இருப்பது அவளுக்குப் பிடித்திருந்தது.

கஷ்டம் கடற்கரையில் தொடங்கியது. ஒவ்வொரு வலையும் கரைக்கு வந்து மீன் சேரும் மடி அவிழ்ந்ததும், வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியாருக்குப் பங்கு பிரிப்பதற்கு முன், மண்டாடி ஒரு மீனை எடுத்து வானத்துக்கு எறிவார். அதற்கு ‘மேல் பங்கு’ என்று பெயர். கருடன் வந்து அந்தரத்திலேயே பிடித்துக்கொண்டு போகும். பிடித்தால் அடுத்த வலைக்கும் மீன் உண்டு என்பது ஆட்களின் நம்பிக்கை. இப்போது ஐயா எறிந்த மீன் மேலே போய், ஒரு கணம் மினுங்கி, திரும்பி மணலில் பொத்தென்று விழுந்தது. அதைக் காகம் கொண்டுபோனது. அடுத்த நாளும் அப்படித்தான். அதற்குப் பிறகு வந்த அம்மன் பொங்கலில், மத்தியானப் பூசைக்கு எல்லோரும் அண்ணாந்து நின்றார்கள், வெயில் தவிர மேலே ஒன்றும் இல்லை. அதற்கடுத்த வலை கடலடிப் பாறைப் பாரில் மாட்டி மடி கிழிந்து வெறும் சொத்தி நண்டுகளோடு வந்து சேர்ந்தது.

கருடனைக் கொன்றவன் கயிறு பிடித்த வலை, அதுதான் இப்படி என்று கதை கிளம்பியது. அந்தக் கதை உண்மையானால் என்ன நடக்கும் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கரையில் தெய்வக் குற்றம் செய்தவனுக்கு அந்தப் பக்கத்தில் எந்த வலையிலும் பிடி இல்லை. அவனை விரட்டும்போது முழுசாக விரட்டுவதும் இல்லை, கயிறு பிடிக்கிற கையைப் பார்த்துத்தான் அடிப்பார்கள். கள்ளப்பிராந்து என்றால் அது கருவாட்டுக்காரர் விஷயம், ஒரு ஏச்சோடு போய்விடும். ஆகவே மாமாவின் கை அந்தச் செத்த பறவைக்கு என்ன பெயர் என்பதில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஒரு காலை, வலை வளைக்கப் போகாமல், சம்மாட்டியார் ஆட்களோடு வாடிக்கு வந்தார். வலையும் தோணியும் அவருடையவை. பருத்த உடம்பு, கழுத்தில் உருத்திராட்சம், கையில் எப்போதும் ஒரு பிரம்பு. கரீம் காக்காவும் அன்றைக்குத்தான் தோணியோடு வந்து சாக்குக் கட்டிக்கொண்டிருந்தார். பறவை வெயிலில் காய்ந்து, கருவாடு போலவே ஆகியிருந்தது.

“மண்டாடியார், இது என்ன பறவை?” என்றார் சம்மாட்டியார்.

“கள்ளப்பிராந்து.”

“வாலெங்க?”

“நாய் பிடுங்கிப்போட்டுது.”

அவர் நாய்க்கு எட்டாத உயரத்தில் இருந்த கம்பின் நுனியைப் பார்த்தார், பிறகு ஐயாவைப் பார்த்தார். அவருக்குத் தெரியும் என்று எனக்கு அப்போதே விளங்கியது. வந்திருந்த கிழடு கட்டைகள் எல்லோருக்கும் தெரியும். அவர்கள் வீட்டுப் பெண்களும் கருவாடு போடுகிறவர்கள்தான், அவர்களும் உருண்டை வால்களுக்குக் கல்லெறிந்தவர்கள்தான். ஆனால் மடி கிழிந்த வலைக்கு யாராவது பதில் சொல்ல வேண்டும்.

ஐயா ஒரு வழி கண்டுபிடித்தார். கரைவலையில் ஒரு ஒழுங்கு உண்டு: பிழை விட்ட ஆளை மண்டாடி அடித்தால் அதோடு கணக்குத் தீர்ந்தது, வேறு எவரும் அவன் மேல் கை வைக்கக்கூடாது. ஐயா ஈர வலைக்கயிற்றின் துண்டொன்றை எடுத்து இரண்டாக மடித்தார். “கள்ளப்பிராந்தெண்டாலும் கேளாமல் கரையில கட்டித் தூக்கினது பிழை” என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். மாமாவுக்கும் விளங்கிவிட்டது. அவர் சேர்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு முழங்காலில் இருந்தார்.

ஐயா என்னை ஒருநாளும் அடித்ததில்லை. அந்த மனிதர் தன் மைத்துனனின் முதுகில் அந்தக் கயிற்றை இறக்கிய விதத்தைப் பார்த்தபோது எனக்கு அவர் யாரோ என்றிருந்தது. மெல்ல அடித்தால் மற்றவர்கள் ஏற்க மாட்டார்கள், அதனால் அவர் உண்மையாகவே அடித்தார். உப்பில் ஊறிய கயிறு. தோல் முதலில் வெள்ளையாகத் தடித்தது, பிறகு சிவந்தது, பிறகு வெடித்தது. மாமா மணலை அள்ளி இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு சத்தமும் போடவில்லை. ஐயாதான் ஒவ்வொரு அடிக்கும் முனகினார். அம்மா மீன் கீறுகிற கத்தியோடு பாயின் அருகில் அசையாமல் நின்றாள்.

“காணும்” என்றார் சம்மாட்டியார். ஆட்கள் கலையத் தொடங்கினார்கள். ஒருவர் மாமாவுக்குத் தண்ணீர் கூடக் கொண்டுவந்தார். அத்தோடு முடிந்திருக்க வேண்டியது.

அப்போது மேலே நிழல் ஒன்று ஓடியது. இத்தனை நாளும் வராத கருடன், வெள்ளைத் தலையும் செம்மண் சிறகுமாக, வாடிக்கு மேலே ஒரு வட்டம் போட்டு இறங்கியது. எல்லோருடைய கைகளும் கன்னத்துக்குப் போயின. அம்மனே வந்து மன்னித்துவிட்டாள் என்று யாரோ சொன்னார்கள். அது நேரே பூவரசங் கம்பின் நுனியில் வந்து குந்தியது, தலையைச் சாய்த்துக் கீழே தொங்கியதைப் பார்த்தது, பிறகு காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, காய்ந்த நெஞ்சுச் சதையை அலகால் கிழித்து விழுங்கத் தொடங்கியது. கிழிகிற சத்தம் கீழே நின்ற எங்களுக்குக் கேட்டது. கன்னத்துக்குப் போன கைகள் அங்கேயே நின்றன.

அம்மா சிரித்தாள். அந்த மாதிரி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

“பாருங்கோ, எல்லாரும் வடிவாய்ப் பாருங்கோ உங்கட கருடனை. தான் பெத்ததைத் தானே தின்னுது. இதுக்கோ என்ர தம்பியின்ர முதுகைப் பிளந்தனீங்கள்? ஓம், அது கருடன்ர குஞ்சுதான். வாலை நாங்கள்தான் பிடுங்கினனாங்கள். தெரிஞ்சுதான் அவன் அடிச்சவன், தெரிஞ்சுதான் நான் கட்டினனான். கருடனெண்டால் என்ன? என்ர பிள்ளையின்ர மண்டையைக் கிழிச்சது.”

“வாயை மூடு” என்று ஐயா கத்தினார். காலம் கடந்துவிட்டது. எல்லோருக்கும் தெரிந்திருந்த ஒன்றை ஒருத்தி எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிட்டாள், இனித் தெரியாதவர்கள் போல் வீட்டுக்குப் போக அவர்களுக்கு வழியில்லை. தண்ணீர் கொண்டுவந்தவரே செம்பை எறிந்துவிட்டு முதலில் பாய்ந்தார். மண்டாடி அடித்த அடி கள்ளப்பிராந்துக்கு, கருடனுக்கு இனித்தான் அடி என்று சம்மாட்டியார் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது.

சவள்கள் ஏறி இறங்கின, மாமா அந்தப் பறவையை அடித்தபோது இறங்கியது போலவே. ஐயா மாமாவின் மேல் குப்புற விழுந்து மறைத்தார். அவருடைய காதோரம் ஒரு அடி விழுந்து அந்தக் காது அதன் பிறகு கேட்கவில்லை. இருவர் அவரை இழுத்தெடுத்துப் பிடித்துக்கொள்ள, மூன்றாமவன் மாமாவின் வலக்கையை நீட்டி மிதித்து வைத்தான். நான் ஓடிப்போய் அவனுடைய கெண்டைக்காலைக் கடித்தேன். உதறினான், நான் விடவில்லை, மணலும் உப்பும் மயிரும் வாய்க்குள் வந்தன, என் தலைக்கட்டு அவிழ்ந்து காயம் மறுபடி பீறிட்டது. மாமாவின் முழங்கையில் சவள் இறங்கியதை நான் பார்க்கவில்லை, பல்லின் வழியாக உணர்ந்தேன். அதன் பிறகுதான் மாமா கத்தினார்.

அம்மா கத்தியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். யாரைக் குறி வைத்தாள் என்று அவளுக்கே தெரிந்திராது. சம்மாட்டியார் பிரம்பை நீட்டித் தடுக்க, பிரம்போடு சேர்த்து அவருடைய முன்னங்கையும் நீளத்துக்குத் திறந்தது. இரத்தத்தைக் கண்டதும் கூட்டம் பின்வாங்கியது. மனிதர்களுக்கு அடுத்தவன் இரத்தம் ஒரு கணக்கு, தங்கள் இரத்தம் வேறு கணக்கு. மலையாளத்தார் சொன்ன பிராந்து எங்கள் கரையில் அன்றைக்குத்தான் இறங்கியது என்று நான் பிறகு பலமுறை நினைத்திருக்கிறேன். பறவை மட்டும் கம்பை விட்டு அசையவில்லை, தின்றுகொண்டே இருந்தது.

கரீம் காக்கா இடையில் வந்தார். யாரையும் கேட்கவில்லை, மாமாவைத் தோளில் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள் நடந்து, கருவாட்டுச் சாக்குகளுக்கு மேலே தோணியில் கிடத்தினார். “கிண்ணியாவுல முறிவு பாக்கிற பரிசாரி இரிக்காரு. இஞ்ச வெச்சிருந்தா ஆளை முடிச்சிருவானுகள்” என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா இடுப்பளவு தண்ணீரில் தோணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “அக்கா, நீ ஏன் சொன்னனி?” என்று மாமா கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டார். தோணி போய்விட்டது.

பரிசாரி கையைக் காப்பாற்றினார், ஆனால் அது மடங்கியபடியே நின்றுவிட்டது, கயிறு பிடிக்க உதவாது. மாமா கிண்ணியாத் துறையடியிலேயே தங்கி, ‘பாதை’ என்ற மிதவைப் படகில் ஏறி இறங்குகிற சனத்துக்கு வெற்றிலையும் பீடியும் விற்றார். ஐயாவுக்கு வலை போயிற்று; ஒரு காதோடு டவுனில் சுமை தூக்கினார். நாங்கள் லிங்கநகர்ப் பக்கம் வந்து குடியேறினோம். அம்மா செய்தது பிழை என்று சொந்தக்காரர் எல்லோரும் சொன்னார்கள். வாயை அடக்கியிருந்தால் தம்பியின் கை மிஞ்சியிருக்கும் என்றார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். தன் தம்பியின் முதுகு பிளக்கும்போது பெயர்களைப் பத்திரமாக வைத்துக்கொண்டிருக்க எந்தப் பெண்ணால் முடியும்? கையை முறித்தவர்கள் சவள் பிடித்தவர்கள். இத்தனை வருடங்களுக்குப் பிறகும் அவர்கள் மேல் எனக்கு ஆத்திரம் ஆறவில்லை, ஆற வேண்டுமென்று நான் முயன்றதும் இல்லை.

அம்மா மட்டும் என் பக்கத்தில் இல்லை. அவள் சொந்தக்காரரின் பக்கம். அன்றைக்குப் பிறகு அவள் அந்தப் பறவையின் பெயரைச் சொல்லவே இல்லை. கருடன், பிராந்து, பருந்து எதுவுமே இல்லை. முற்றத்தில் மிளகாய் காயும்போது மேலே நிழல் ஓடினால் “அது வருது” என்பாள், அவ்வளவுதான். கன்னத்திலும் போட்டுக்கொள்ள மாட்டாள், கல்லும் எடுக்க மாட்டாள், கைகளை மடியில் வைத்துக்கொண்டு அது போகும் வரை இருப்பாள்.

மாமாவைப் பார்க்கப் பாதையில் ஏறிப் போவோம். கடையில் யாராவது கையைப் பார்த்து என்ன நடந்ததென்று கேட்காத நாள் இல்லை. ஒருநாள் அம்மா பக்கத்தில் இருக்கும்போதே ஒரு பிரயாணி கேட்டார். மாமா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டு, “பிராந்து அடிச்சது. கள்ளப்பிராந்து” என்றார். கேட்டவர் சிரித்துக்கொண்டு போனார். மாமா யாருக்கும் அதைக் கருடன் என்று சொன்னதில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஐயா சொல்லச் சொன்ன பெயரை அவர் கை முறிந்த பிறகும் காப்பாற்றிக்கொண்டிருந்தார். அம்மா சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். மாமா இடக்கையால் ஒரு வெற்றிலையை மடித்து அவளிடம் நீட்டினார்.

இப்போது அவர்கள் மூவரும் இல்லை. கிண்ணியாவுக்குப் பாலம் வந்ததும் பாதை போயிற்று, துறையடிக் கடையும் போயிற்று. போன மாதம் சல்லிப் பக்கம் போனேன். எங்கள் வாடி இருந்த இடத்தில் மதில் எழும்பியிருக்கிறது, புளியமரம் இல்லை. கரைவலையை இழுக்க யந்திரம் வந்துவிட்டது, மேல் பங்கு என்று கேட்டால் இளம் பிள்ளைகள் முழிக்கிறார்கள். பள்ளிக்கூடத்து வாத்தியார் கடைசியில் வென்றுவிட்டார், எல்லோரும் பருந்து என்றுதான் சொல்கிறார்கள். கள்ளப்பிராந்து என்ற சொல் மனிதர்களை ஏசுவதற்கு மட்டும் மிஞ்சியிருக்கிறது.

நான் நிற்கும்போதே ஒன்று வந்தது. வெள்ளைத் தலை. யந்திரத்துப் பக்கத்தில் நின்ற பெண்ணொருத்தி “கருடன், கருடன்” என்று தன் குழந்தைக்குக் காட்டி அதன் கையைப் பிடித்துக் கன்னத்தில் போட்டுவிட்டாள். எனக்கு வாயில் ஒரு பெயரும் வரவில்லை. என் கை தானாக உச்சந்தலைக்குப் போய், சீப்புத் தடக்குகிற இடத்தைப் பொத்திக்கொண்டு, அது போகும் வரை அங்கேயே இருந்தது.